மாப்பிள்ளைக்கு ஒரு சிரிப்பு

கறை, கீறல், மடிப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்து, எதிரில் நின்ற அம்மாளின் பழைய கல்யாணப் படத்தைப் பளிச்சென்று ஆக்கியிருந்தான் ஸ்டூடியோக்காரன்.

"பிரமாதம் தம்பி. இவரை மட்டும் கொஞ்சம் சிரிக்க வெச்சிடேன்."

படத்தில் மாப்பிள்ளை, பல்வலி வந்தவர்போல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"சார் சிரிச்ச மாதிரி வேற போட்டோ குடுங்கம்மா. அந்தச் சிரிப்பை எடுத்து இதுல ஒட்டிடலாம்."

"இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட இல்லப்பா."

அவன் வாசலை எட்டிப் பார்த்தான். ஸ்கூட்டரில் காத்திருந்தவரும் அதே மூஞ்சியோடுதான் இருந்தார்.

பாவம், இந்த அம்மாள் அந்த உம்மணாமூஞ்சியோடு எப்படித்தான் குடித்தனம் நடத்தினாரோ!

"சார் எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"சேச்சே! மேடையில வாயெல்லாம் பல்லாத்தான் நின்னாரு. நான்தான், 'எத்துப்பல்லு தெரியுது, வாயை மூடுங்க'ன்னு காதுல சொன்னேன்."

அந்த அம்மாள் படத்தையே பார்த்தார்.

"அன்னிக்கு மூடினதுதான்."