மூன்று தலைமுறை டீ பாட்

பழம்பொருளை இனங்காணும் கண் லட்சத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். அது பிறவியிலேயே வர வேண்டும், பயிற்சியால் வராது.

என் மனைவிக்கு அது வாய்த்திருக்கிறது. ஆனால் அன்று காலை கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததால், பழைய சாமான் கடையில் எல்லாவற்றையும் விரலால் தடவித்தான் இனங்கண்டாள்.

அந்தத் தடவலில்தான் என்ன ஆனந்தம்! காது போன கோப்பைகள், மூடி தொலைந்த சீனிக் குடுவைகள், யாரோ யாருக்கோ கல்யாணப் பரிசாகக் கொடுத்துக் கழித்த சுவர்க் கடிகாரங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் தோள்வரை கையை விட்டு, பிரசவம் பார்ப்பவளைப் போல மெல்ல வெளியே எடுத்தாள். நீலப் பறவைகள் போட்ட பீங்கான் டீ பாட்.

உள்ளுக்குள் அவள் குதிப்பது எனக்குத் தெரிந்தது. வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டாள். பிடித்ததைப் பிடிக்காதது போலப் பார்ப்பதுதான் இந்த வேட்டையில் முதல் பாடம்.

"மூக்கு நுனி உடைஞ்சிருக்கே, இதை யாரு வாங்குவா? போனா போகுது, நான் எடுத்துக்கறேன்" என்று கடைக்காரருக்கு உபகாரம் செய்வது போல வாங்கினாள்.

மாலையில் அதே டீ பாட், பட்டுத்துணி சுற்றிக்கொண்டு, எங்கள் பையன் விரும்பும் பெண்ணின் வீட்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

இரண்டு குடும்பமும் முதல் தடவையாகச் சந்திக்கிறோம். கல்யாணம் நடப்பதும் நடக்காததும் பெண்ணின் அம்மா கையில். அவர் பல் டாக்டர். வாயைத் திறந்தாலே எது அசல், எது கட்டினது என்று சொல்லிவிடுவார். அதனால் பையன் வாசலிலேயே கெஞ்சியிருந்தான்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பெருமை பேசாம இரும்மா. அவங்களுக்குப் பொய்னா ஆகவே ஆகாது."

இருந்தாள். அழைப்பு மணியை அடிக்கும்வரை இருந்தாள்.

"இது இவரோட பாட்டியோடதுங்க" என்று பட்டுத்துணியை விலக்கினாள். "மூணு தலைமுறையா வீட்டு வாசப்படி தாண்டினதில்ல. வர்ற மருமகளுக்குன்னே பொத்திப் பொத்தி வச்சிருந்தோம். மூக்குதான் கொஞ்சம்... இவரு சின்ன வயசுல கீழ போட்டுட்டாரு."

நான் அதைச் சின்ன வயதில் கீழே போட்டவனாகத் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் தலைக்கு இது பழக்கம்.

டாக்டர் டீ பாட்டையே பார்த்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ஊசியைக் கண்ட நோயாளி மாதிரி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மலைத்துப்போய்விட்டார் என்று என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். சாதுவான மனிதர். வாங்க வாங்க என்று சிரித்தபோது, முன்பல் ஒன்று பாதிதான் இருப்பது தெரிந்தது. மனைவி பல் டாக்டராகவே இருந்தாலும் ஓசி வைத்தியத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்போல.

சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னது இது, எங்கம்மாவோட டீ பாட்! கை தவறிச் சுக்குநூறா உடைஞ்சிடுச்சுன்னு சொன்னியே?"



பையன் என்னைப் பார்த்தான். நான் நீலப் பறவைகளைப் பார்த்தேன். பெண் தன் அம்மாவைப் பார்த்தாள்.

மாமியாரின் டீ பாட்டைச் சத்தமில்லாமல் கடையில் தள்ளியவரும், அதைத் தன் மாமியாருக்கு மாமியாருடையதாக்கிக் கொண்டுவந்தவளும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரே ஒரு பார்வைதான். ஒருவர் குடுமி ஒருவர் கையில் இருப்பது இருவருக்கும் விளங்கிவிட்டது.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஜோடி ஜோடியாத்தாங்க வரும்" என்றாள் என் மனைவி. குரல் எங்கிருந்தோ வந்தது.

"ஆமா, ஜோடியாத்தான் வரும்" என்றார், பொய்யே ஆகாத டாக்டர். அதே மூச்சில், "சம்பந்தி, கல்யாணத்தைச் சீக்கிரமே வச்சுக்கலாம். எதுக்குத் தள்ளிப் போட்டுக்கிட்டு?" என்றார்.

சம்பந்தி! பையன் முகத்தில் விளக்கு எரிந்தது. நானும் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பெண்ணின் அப்பா மட்டும் உட்காரவில்லை. டீ பாட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டது மூக்கையும் நான்தான் உடைச்சேன்" என்றார் என்னிடம், இரண்டு பேரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள் என்ற பாசத்தோடு. "ஸ்கூல் விட்டு வந்து அப்படியே மூக்குல வாயை வச்சுக் குடிச்சிட்டிருந்தேன். எங்கக்கா பின்னாலேர்ந்து தள்ளிவிட்டுட்டா. மூக்கும் போச்சு, பல்லும் போச்சு."

"டீ ஆறிடப் போகுது" என்றார்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில்.

டீ இன்னும் போடவே இல்லை.

அவர் டீ பாட்டை மெல்ல உயர்த்தி, உடைந்த மூக்கைத் தன் பாதிப் பல்லில் வைத்துப் பார்த்தார்.

பொருந்தியது.