ஒரு மணி அடித்தால்

இலங்கையின் ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் விளிம்பில் போன் கிடக்கிறது. வெளியே மூடுபனிக்குள் அந்தி வெளிச்சம் பால்போலக் கலங்கி நிற்கிறது. செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி கணினியில் பூட்டி அனுப்பும் ஆராய்ச்சிக்காக, புவனாவுக்கு இன்று லண்டனில் கலாநிதி எனும் முனைவர் பட்டத் தேர்வு. அம்மா கனகத்தோடு அவளுக்கு ஓர் ஏற்பாடு: பாஸானால் போனில் ஒரு மணி அடித்து வைத்துவிடுவாள், இல்லையென்றால் இரண்டு. எடுத்தால் அவளுக்குக் காசு போகும், எடுக்கக் கூடாது.

போன் ஒருமுறை அடிக்கிறது. தகரத்தில் தூறல் விழுகிறது. இரண்டாம் மணியும் அடிக்கிறது.

“போகட்டும் விடு கனகம்,” என்கிறார் அப்பா.

மணி நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது. கனகம் எடுக்கிறாள்.

“பாஸாயிட்டேம்மா. ஒங்க கொரல கேக்காம வைக்க மனசு வரல.”