லோர்னா திரும்பவில்லை

டொலீடோவில் கச்சேரி முடிந்ததும், அன்று மாலைதான் ராக் குழுவில் சேர்ந்திருந்த பேஸ் கிட்டார்காரன் வேட் என்பவனை லோர்னா பிடித்துக்கொண்டாள். குழு ஆரம்பித்த நாளிலிருந்து ட்ரம்ஸ் அவள்தான்.

"மூணாவது பாட்டுல பிந்திட்டியே, தூங்கிட்டியா?"

அத்தனை இரைச்சலில் வேறு யாருக்கும் தெரியாத தப்பு அது. நகர்ந்தவளின் முதுகைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க!" என்று கத்தினான். அவள் திரும்பவேயில்லை.

"என் வேலை போச்சு," என்றான் பாடகன் டெரெக்கிடம்.

"கோபமில்லடா. அவளுக்குக் காது கேட்காது. காது போய் ரொம்ப வருஷமாச்சு. உதட்டைப் பார்த்துத்தான் பேசுறா."

"அப்போ என் தப்பு எப்படித் தெரிஞ்சது?"

"வெறுங்காலோடதானே வாசிக்கிறா? உன் பேஸ் அதிர்வு மேடைப் பலகை வழியா அவ பாதத்துக்குப் போயிடும்."

வேட் ஓடிப்போய் அவள் எதிரே நின்றான். வார்த்தையே வரவில்லை.

லோர்னா சிரித்தாள். "வாயைத் தொறந்தாத்தானேடா எனக்குப் புரியும்!"