வளையலுக்கு அடியில்

ஒரு மேசையில் ஒரு செல்போனும் ஒரு குரோஷே ஊசியும் இருந்தன. சமையல் வீடியோ போடும் செங்கமலம் அக்காவை ஊசி கட்டைவிரல் அளவு நூல் பொம்மையாகப் பின்னிக்கொண்டிருந்தது. பச்சைச் சேலை, கோணல் வகிடு, வலது கையில் தோசைக் கரண்டி என எல்லாம் வந்துவிட்டது. செல்போனுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவைத் தினமும் காட்டுவது அதுதானே.

"அச்சு அசல் அக்காவேதான். முடிச்சுப் போட்டுடு" என்றது.

ஊசியோ பொம்மையின் வலது கையை மளமளவென்று பிரித்தது.

"உனக்கென்ன பைத்தியமா? இது நாலாவது தடவை."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அந்தத் தோசை வீடியோவை ஓட்டுங்க. திருப்பிப் போடுறப்போ வளையல் விலகும். அங்கே நிறுத்துங்க."

செல்போன் அலுத்துக்கொண்டே நிறுத்தியது. அக்காவின் மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு தெரிந்தது. முந்நூறு வீடியோ ஓட்டியும் செல்போன் அதைப் பார்த்ததில்லை.

ஊசி கையைத் திரும்பப் பின்னி, மணிக்கட்டில் பழுப்பு நூலில் ஒரே ஒரு கண்ணி போட்டது. அதன்மேல் வளையலைப் பின்னி மாட்டியது.

"மூடிட்டா யாருக்குத் தெரியும்?"

"அக்காவும் மூடித்தானேண்ணே வச்சிருக்காங்க."

பொம்மை அக்காவுக்குத் தபாலில் போனது. அடுத்த வாரம் நேரலையில் அக்கா பொட்டலத்தைப் பிரித்தார். சேலையைப் பார்த்துச் சிரித்தார், கரண்டியைப் பார்த்து இன்னும் சிரித்தார். விளையாட்டாகப் பொம்மையின் வளையலை நகர்த்தினார். அடியில் பழுப்புக் கண்ணி தெரிந்தது. தன் வளையலையும் மேலே தள்ளி, கையோடு கை சேர்த்து வைத்துப் பார்த்தார்.

இந்தத் தடவை ஊசி நிறுத்தச் சொல்லவில்லை. செல்போன் தானாகவே அந்த இடத்தில் நிறுத்தியது.