பயில்வானின் அம்மா

“அடேயப்பா! இவனுக்கு என்னதான் குடுத்து வளர்க்கறீங்க?”

கேட்டவள் அன்றுதான் முதல் தடவையாக அந்தக் கூடத்துக்கு வந்திருந்தாள். கைக்குழந்தை உள்ளவர்கள் வாராவாரம் ஒன்றுகூடி, மனம்விட்டுப் பேசும் இடம் அது. நூலகத்து மாடியில் பாய் விரித்து, பாலூட்ட ஒரு மூலையில் திரை கட்டியிருந்தார்கள். அவள் மடியில் குறைமாதத்தில் பிறந்த மகள், பூனைக்குட்டி கனம்கூட இல்லாமல் கிடந்தாள்.

எதிரே இருந்ததும் குழந்தைதானா! தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாகச் சதை. எல்லோரும் ‘பயில்வான்’ என்றே கூப்பிட்டார்கள். அப்பாவின் மீசையைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்து நின்றபோது கூடமே கைதட்டியது. அவள் இமைக்க மறந்தாள்.

“எல்லாம் உங்களை மாதிரி நல்லவங்க புண்ணியம்மா” என்றார் அப்பா.

அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த பஸ் டிரைவர்!

மகளைத் தூக்கிக்கொண்டு அவருடைய பஸ்ஸில்தான் அவள் மருத்துவமனைக்குப் போய்வருவாள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒரு பெண்ணின் கை ஜன்னலில் நீளும். துணிப்பை ஒன்று கை மாறும். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கி, சீட்டுக்கு அடியில் பத்திரப்படுத்துவார். ‘மனசுல பெரிய மன்மதன்னு நெனப்பு’ என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது உண்டு.

பயில்வான் சிணுங்கினான். உடனே ஒரு தையல்காரி உரிமையோடு வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

‘ஐயோ பாவம், இவதான் பெண்டாட்டியா? இவ்வளவு அருமையாப் பிள்ளையை வளர்க்கறவளுக்கா இந்தத் துரோகம்?’

மனசு கேட்கவில்லை. தையல்காரி வெளியே வந்ததும் அருகில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு பஸ்ஸுல ஸ்டாப்புக்கு ஸ்டாப் பொம்பளைங்க பை பையாக் குடுக்கறாங்க. என் கண்ணால பார்த்தேன்.”

“என் வீட்டுக்காரரா? அதோ, அந்தக் கண்ணாடி போட்டவர்தான் என் வீட்டுக்காரர். அவர் மடியில தூங்கறதுதான் என் பிள்ளை.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்போ இந்தப் பயில்வானோட அம்மா?”

தையல்காரி சிரித்துவிட்டாள். “டிரைவரண்ணே, நீங்க பஸ்ஸுல வாங்கற பை என்னன்னு கேக்குது இந்தப் பொண்ணு. பயில்வானோட அம்மா யாருன்னும் கேக்குது.”

டிரைவர் மகனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அங்கே இருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சாமியைப் பார்க்கிற பார்வை அது.

“பெத்தவ பிரசவத்துலயே போயிட்டாம்மா” என்றார் மெல்ல. “அந்தப் பையில எல்லாம் பாட்டில் பாட்டிலாத் தாய்ப்பால். இவனுக்கு என் ரூட்டுல ஸ்டாப்புக்கு ஒரு அம்மா!”