அடியறுத்த கூடை

சாமைக் காட்டின் மேல் வெயில் ஏறுகிறது. ஆயம்மாள் முற்றத்தில் குந்தி, காயடித்த நாயின் பின்காலைத் தூக்கிப் பார்க்கிறாள். சீழ் இல்லை, ஈ இல்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ந்த இடத்தில் தழும்பு மட்டும் மினுங்குகிறது. புண்ணை நக்கவிடாமல் ஒன்பது நாளாக அதன் கழுத்தில் கிடப்பது, அவள் அடியறுத்து மாட்டிய மூங்கில் கூடை. “நாயி சந்தைக்குப் பொறப்பட்டுருச்சா?” என்று ஊரே சிரித்தது, உரக்கச் சிரித்தவன் பக்கத்து வீட்டுச் சடையன். கூடையைக் கழற்றுகிறாள். நாய் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுச் சாமைக்குள் பாய்ந்து காட்டுக்கோழியைக் கிளப்புகிறது. வேலியோரம் சடையன் நிற்கிறான், நேற்றுக் காயடித்த தன் நாயை இரண்டு கையாலும் அணைத்தபடி. “ஏனுங்கக்கா, அந்தக் கூடையக் கொஞ்சம் குடுப்பீங்களா?” ஆயம்மாள் எழுந்து போய்க் கூடையை அவன் கழுத்திலேயே மாட்டிவிடுகிறாள். “அளவு சரியா இருக்குதா பாரு, சாமி.”