பரிசோதனைத் தண்ணீர்

பரிசோதனைக்காகக் கடல்நீரை எடுத்துக்கொண்டு கரையேறிய வாசுகியின் தலைமுடியை மீனவன் தேசப்பன் பிடித்து இழுத்தான். "நீ தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொன்னதுலேர்ந்து எவனும் மீன் வாங்கல. நல்லாருக்குன்னு சொல்லு!"

"கெட்டுத்தான் இருக்கு" என்றாள் அவள்.

நீர் நிரம்பிய பாட்டிலை அவள் வாய்க்குள் திணித்தான். "குடி! செத்தா நம்புறேன்." உதடு கிழிந்தது.

அவன் மனைவி குப்பம்மாள் துடுப்போடு ஓடிவந்து அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். அவன் மண்டியிட்டு விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

"நம்ம புள்ள ஒடம்பெல்லாம் புண்ணு. எந்தத் தண்ணில குளிச்சி வந்துச்சு? தெரிஞ்சும் என்னைய மீன் விக்கச் சொன்னியேடா!"

துடுப்பு முறிந்தது.

வாசுகி மணலில் ரத்தத்தைத் துப்பினாள். குப்பம்மாள் தண்ணீர் கொட்டிக் காலியாகிக் கிடந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு இடுப்பளவு கடலில் இறங்கினாள். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த எடத்துல மொள்ளணும், சொல்லும்மா."